ஒரே டி.வி., மூன்று ரசனை

மாமியாருக்கு சீரியல், மாமனாருக்கு விவாதம், பையனுக்கு கார்ட்டூன். தினமும் ரிமோட்டுக்குச் சண்டை. எல்லோரும் சேர்ந்து பார்க்க எதுவுமே இல்லையா?
- வாசகி, கும்பகோணம்

இருக்கிறது, கவலையை விடுங்கள். உங்கள் மாமியாருக்கு சீரியல் கதை மட்டுமல்ல. பழகிய மனிதர்களை தினமும் பார்க்கிற சந்தோஷம். ஒரு நாள் தவறினாலும் மனசு கேட்காது. அந்த அரை மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். விவாதத்தை மாமனார் பிறகு யூடியூபில் நிதானமாகப் பார்க்கலாம்.

சேர்ந்து பார்க்க, கலவையான நிகழ்ச்சிதான் சரி. 2019இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய 'குக் வித் கோமாளி'யைப் பாருங்கள். சமைக்கத் தெரிந்தவருக்கு, வெங்காயம்கூட நறுக்கத் தெரியாத ஒரு கோமாளியை ஜோடி சேர்த்துவிடுவார்கள். மாமியாருக்குப் பக்குவம், பையனுக்குச் சேட்டை, மாமனாருக்கு யார் வெளியேறுவார் என்கிற பரபரப்பு. மூவருக்கும் தீனி உண்டு.

ரசனையும் மாறக்கூடியதுதான். சீரியல் பக்கமே வராத ஆண்கள் பலர், மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனுக்காகவே 'எதிர்நீச்சல்' முன்னால் உட்கார்ந்தார்கள். உங்கள் மாமனாரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வார இறுதியில் ஒரு மணி நேரம் பொது நேரம் என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாரம் ரிமோட் பையன் கையில் இருக்கட்டும்.