விளக்கு ஒரு கணம் மங்குவது ஏன்?

மாலை மழையோடு கிள்ளான் பக்கம் இடி இடிக்கிறது. அதே கணத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதி விளக்குகளும் மங்கி மீண்டும் ஒளிரக்கூடும். தோட்டத்து ஆலையிலோ உருளை இயந்திரம் நின்றே விடுகிறது. "கரண்டு போய் வந்தது" என்கிறோம். உண்மையில் மின்சாரம் போகவில்லை. அதன் அழுத்தம் தாழ்ந்து மீண்டது. இதுவே மின்னழுத்தத் தாழ்வு எனப்படும். 2005 ஜனவரி 13ஆம் நாள் கோலாலம்பூரிலும் வேறு பல மாநிலங்களிலும் நேர்ந்தது மின்தடை. அது வேறு, இது வேறு.

நம் நாட்டில் மின்சாரம் மூன்று கம்பிகளில், மும்முனை மின்சாரமாக வருகிறது. வீட்டு விளக்கிற்கு ஒரு முனை போதும். அதன் அழுத்தம் 230 வோல்ட். ஆலையின் பெரிய மோட்டாருக்கு மூன்று முனைகளும் வேண்டும். இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும்.

லயத்துத் தண்ணீர்க் குழாய் ஓரிடத்தில் உடைந்தால், மற்றக் குழாய்களிலும் நீர் மெல்லவே ஒழுகும் அல்லவா? அதுபோல, மின்கம்பியை மின்னல் தாக்கினாலோ மரக்கிளை உரசினாலோ பெருமின்னோட்டம் அங்கே பாய்கிறது. பாதுகாப்புக் கருவி அக்கம்பியைத் துண்டிக்கும் வரை, அதே நிலையத்தைச் சார்ந்த மற்றக் கம்பிகளிலும் அழுத்தம் குறைகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த வட்டாரம் என்பதை நாம் அறிவோம். பெரிய மோட்டாரை ஓட்டத் தொடங்கும்போதும் சிறு தாழ்வு உண்டாகும்.

ஒரு தாழ்வை அறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, எவ்வளவு ஆழம்? 230 வோல்ட் 161 ஆகக் குறைந்தால் எஞ்சியது 70 விழுக்காடு. அப்போது மோட்டாரின் முறுக்கு விசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஞ்சிய அழுத்தம் 10 முதல் 90 விழுக்காட்டிற்குள் இருப்பதையே தாழ்வு என்பர்.

இரண்டாவது, எவ்வளவு நேரம்? நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. அரைச் சுழற்சி முதல் ஒரு நிமிடம் வரை நீடிப்பது தாழ்வு. பெரும்பாலானவை ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, எத்தனை முனைகள்? சில வேளை மூன்றும் சமமாகத் தாழும். பல வேளைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் தாழும். தொலைவில் ஒரு கம்பியில் ஏற்பட்ட பழுது, இடையிலுள்ள மின்மாற்றியைக் கடந்து வரும்போது இரு முனைகளின் தாழ்வாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவேதான் ஒரு லயத்தில் விளக்கு மங்க, அடுத்த லயத்தில் மங்காமல் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது உயிர்க்காப்பு. அழுத்தம் தாழ்ந்ததும் மோட்டாரின் காந்த விசை தளர்ந்து இயந்திரம் நிற்கலாம். சில இயந்திரங்கள் பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் ஓடும். சிலவோ அழுத்தம் மீண்டதும் தாமாகவே ஓடத் தொடங்கும். நின்றுவிட்டதே என்று உருளைகளுக்கிடையே சிக்கிய ரப்பரை இழுக்கக் கை நீட்டினால், அடுத்த கணம் கையே போய்விடும். முதலில் முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். அதன் பின்னரே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

தாழ்வு நேர்ந்த நாள், நேரம், மங்கிய விளக்குகள், நின்ற இயந்திரங்கள் ஆகியவற்றை ஆலையில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். மின்பணியாளர் காரணத்தை அறிய அது பெரிதும் உதவும். விளக்கு மங்குவதை நம்மால் தடுக்க இயலாது. விபத்தைத் தடுக்க இயலும்.