கோடு கீறுமுன் கூடிப் பேசுவோம்

குடியிருப்புத் திட்டமிடலில் மக்களின் பங்கு: ஒரு பாடம்

பல ஆண்டுகளுக்கு முன், இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் சிலவற்றைக் காட்டோரக் காணி ஒன்றில் குடியமர்த்தும் பணியில் நாமும் பங்குகொண்டோம். பங்குமனை மேசையில் கடதாசியை விரித்து, அடிமட்டம் வைத்து, வீட்டு வரிசைகளை நேர்நேராகக் கீறினோம். நடுவிலே பொதுக் கிணறு, ஓரத்திலே முன்பள்ளி. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

மாரி வந்தது. மூன்றாம் வரிசை வீடுகளுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. சிறு வயதில் அந்தப் பகுதியில் மாடு மேய்த்த முதியவர் ஒருவர் அக்குடும்பங்களிடையே இருந்தார். "இது பழைய வெள்ளவாய்க்கால் ஓடின இடம் சுவாமி" என்றார். "ஏன் ஐயா, முதலே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "என்னட்டை ஆரும் கேக்கேல்லையே, சுவாமி" என்றார்.

கோபமாக அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இன்றுவரை எம்மை விட்டுப் போகவில்லை. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

சொந்த நிலத்திற்குத் திரும்பியும், புதிய காணியில் குடியேறியும் உள்ள குடும்பங்கள் பல. இன்னும் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. எவராயினும், ஒருநாள் ஒரு வரைபடத்தின் முன் நிற்க வேண்டி வரும். அந்த நாளுக்கு நாம் ஆயத்தமா?

ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம்?

"மக்கள் பங்கேற்பு" என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. கூட்டம் வைத்தால் பங்கேற்பு. கையொப்பம் வாங்கினால் பங்கேற்பு. சிரமதானத்திற்கு மண்வெட்டியோடு வந்தாலும் பங்கேற்புத்தான். இவையெல்லாம் ஒன்றா?

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்ரைன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தம் நாட்டு நகரத் திட்டங்களை ஆராய்ந்து, பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ் இரண்டு படிகளில் மக்களைத் தட்டிக்கொடுத்துச் சம்மதிக்க வைப்பது மட்டுமே நடக்கிறது. நடு மூன்று படிகளில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், ஓரிருவரைக் குழுவில் சேர்த்தும் கொள்கிறார்கள். ஆனால் முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது. மேல் மூன்று படிகளில்தான் மக்கள் முடிவெடுப்பதில் பங்காளிகளாகி, ஈற்றில் பொறுப்பைத் தாமே ஏற்கிறார்கள்.

எந்தப் படியில் நிற்கிறோம் என்று அறிய ஒரு கேள்வி போதும்: நாம் "வேண்டாம்" என்று சொன்னால் கோடு மாறுமா? மாறும் என்றால் நாம் பங்காளிகள். மாறாது என்றால், எத்தனை கூட்டம் வைத்தாலும் நாம் பார்வையாளரே.

கொழும்பில் நடந்த ஒரு நல்ல முயற்சி

"படிக்காத சனம், திட்டமிட இவர்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பர். அதற்கு எமது நாட்டிலேயே பதில் உண்டு.

1984 முதல் 1989 வரை அரசாங்கம் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தை நடத்தியது. அதற்கு முந்திய திட்டத்தில் அரசே பெருமளவில் வீடுகளைக் கட்டியது. அதற்குச் செலவு அதிகம். பயன் பெற்றோரோ குறைவு. எனவே புதிய திட்டத்தில் எண்ணமே மாற்றப்பட்டது. வீட்டைக் குடும்பமே கட்டட்டும், அரசு சிறு கடனும் காணி உறுதியும் தொழில்நுட்ப உதவியும் கொடுக்கட்டும் என்று தீர்மானித்தார்கள்.

இத்திட்டம் கொழும்பின் குடிசைக் குடியிருப்புகளுக்குள் வந்தபோது, தேசிய வீடமைப்பு அதிகார சபை ஒரு புதிய முறையைக் கைக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு ஒரு பட்டறை நடக்கும். அந்த இடத்து மக்களும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் அமர்வார்கள். முதலில் பிரச்சினைகளைப் பட்டியலிடுவார்கள். பிறகு எது முந்தியது, எதை யார் செய்வது, எப்போது செய்வது என்று முடிவெடுப்பார்கள். பெண்கள், முதியோர், கட்டட வேலை தெரிந்தோர் எனத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து பேசிவிட்டு, பின் எல்லோரும் கூடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒழுங்கை எவ்வளவு அகலம், பக்கத்து வீட்டுச் சுவருக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற கட்டட விதிகளைக்கூட அந்தந்தக் குடியிருப்பு மக்களே தமக்கு வகுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு புதுமையும் பிறந்தது. 1980களின் நடுப்பகுதியில், வனாத்தமுல்லைப் பகுதியில் பொது வேலையொன்று கொந்தராத்துக்காரரிடம் போகாமல், அங்குள்ள மக்கள் சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. அங்கே தொடங்கிய சமுதாய ஒப்பந்த முறை பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் பரவியது. தம் கிணற்றைத் தாமே கட்டுபவர் சீமெந்தைக் குறைத்துப் பூசமாட்டார் அல்லவா?

குறைகளும் இருந்தன. கடன்கள் பல திரும்பி வரவில்லை, அரசியலும் புகுந்தது. ஆயினும் ஒன்று உறுதியாயிற்று. ஒரு பேர்ச் நிலத்தின் அருமை தெரிந்த ஏழைக் குடும்பத்துக்கு, அந்நிலத்தைத் திட்டமிடவும் தெரியும்.

கமக்காரரைக் கேளாமல் கீறிய கோடு

அடுத்ததாக ஒரு கசப்பான பாடம். 1993 செப்ரெம்பர் 30ஆந் திகதி அதிகாலை, இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் இலாத்தூர் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். முற்றாக அழிந்த கிராமங்களில் 52 புதிய இடங்களில் மீண்டும் அமைக்கப்பட்டன. அந்த மக்களும் எம்மைப் போல் கமக்காரரே.

புதிய கிராமங்கள் நகரம் போலக் கட்டம் கட்டமாக, அகன்ற தெருக்களோடு அமைந்தன. வீட்டின் அளவு காணியின் அளவைப் பொறுத்ததாயிற்று: காணியற்றோருக்கும் சிறு காணிக்காரருக்கும் 250 சதுர அடி, நடுத்தரத்தாருக்கு 400, பெருங்காணிக்காரருக்கு 750. பழைய ஊர்களில் உறவினர் வீடுகள் நெருங்கி இருந்தன. முற்றம் நடுவில் இருந்தது. மாடும் தானியமும் வீட்டோடு இருந்தன. புதிய இடத்தில் உறவுகள் சிதறின. மாட்டுக்கும் கலப்பைக்கும் தானியத்துக்கும் போதிய இடம் இல்லை. ஊர் பரந்து கிடந்ததால், தெருவையும் தண்ணீர்க் குழாயையும் பராமரிக்கும் செலவும் கூடியது.

அதே வேளை, இடம் மாறாத ஊர்களில் பணமும் பொருளும் அறிவுரையும் கொடுத்து, வீட்டுக்காரரே தம் வீடுகளைத் திருத்தும் முறை பின்பற்றப்பட்டது. அங்கே மக்கள் தம் தேவைக்கேற்பச் செய்துகொண்டனர்.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என அறிவிக்கப்பட்டது. வள்ளத்தையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய கடற்றொழிலாளரை யாரும் கேட்கவில்லை. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் மாதங்கள் பல வீணாகின.

மாறாக, இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தில், 2012இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டினர். 550,000 ரூபா தவணை தவணையாக அவர்களின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைத் தெரிவதும் வாசலின் திசையைத் தீர்மானிப்பதும் குடும்பத்தின் கையில் இருந்தன. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும், கிடைக்கும் பணத்துக்கு மேலே அத்திவாரம் போட்டு, நகையை அடகு வைத்துக் கடனாளியான குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். உரிமை கிடைக்கும்போது கணக்கும் கூடவே வரவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அதிகாரி வரைபடத்தோடு வருமுன், எமது வரைபடம் எம்மிடம் இருக்கவேண்டும். அதற்கான வழி இது.

1. நடந்து பாருங்கள். காணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூட்டமாக நடவுங்கள். முதியவர்களை முன்னே விடுங்கள். மாரியில் தண்ணீர் எங்கே நிற்கும், எப்பக்கம் வடியும், நல்ல தண்ணீர் எங்கே, உவர் எங்கே, யானை வரும் வழி எது என்று கேட்டுக் குறியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத இடத்தில் காலே வைக்க வேண்டாம்.

2. நிலத்தில் கீறுங்கள். கடதாசியும் பேனையும் படித்தவர் கைக்கே போய்விடும். கூட்டிய முற்றத்தில் தடியால் கீறினால் எல்லோரும் கீறலாம், எல்லோரும் அழிக்கலாம். சாம்பல் தெருவாகட்டும், கல் வீடாகட்டும், வேப்பிலை மரமாகட்டும், புளியங்கொட்டை கிணறாகட்டும். றொபேட் சேம்பர்ஸ் போன்றோர் 1980களின் இறுதியிலிருந்து பல நாடுகளில் பரப்பிய பங்கேற்பு முறைக் கிராம மதிப்பீட்டில் இது முக்கியமான பயிற்சி.

3. தனித்தனியாகக் கீறுங்கள். ஆண்கள் ஒரு படம், பெண்கள் ஒரு படம், இளையோர் ஒரு படம். ஆண்களின் படத்தில் வயலும் சந்தைப் பாதையும் பெரிதாகத் தெரியும். பெண்களின் படத்தில் தண்ணீர், விறகு, இருட்டிய பின் போகப் பயமான ஒழுங்கை ஆகியவை தெரியும். மூன்றையும் ஒப்பிட்டபின் ஒரே படமாக்குங்கள்.

4. கிணற்றையும் மலசலகூடத்தையும் சேர்ந்து திட்டமிடுங்கள். இரண்டுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியே அழுக்கு விரைவாக ஓடுவதால் அதுவும் போதாது. கணக்கைப் பாருங்கள். 20 பேர்ச் என்பது இரண்டு பரப்பு, அதாவது 5,445 சதுர அடி. முன்பக்கம் 55 அடி, நீளம் 99 அடி என்று வைத்துக்கொள்வோம். எமது கிணறு முன்னே, மலசலகூடம் பின்னே என்றால் இடையில் தாராளமாக இடம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டார் தம் மலசலகூடத்தை முன்னே கட்டினால், அது எமது கிணற்றிலிருந்து 10 அடியிலேயே அமைந்துவிடலாம். எனவே ஒரு வரிசையில் எல்லோரும் கிணற்றை முன்னும் மலசலகூடத்தைப் பின்னும் வைப்பதென்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்துக் காட்டுங்கள்.

5. கமத்தை மறவாதீர்கள். மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர், விதைநெல் வைக்கும் இடம், நெல் காயவிடும் தரை, லாண்ட்மாஸ்ரர் பெட்டியோடு திரும்பும் அகலம், மேய்ச்சல் தரை, சேமக்காலை ஆகியவற்றைக் கேட்காவிட்டால் எவரும் தரமாட்டார்கள்.

6. எழுதி வையுங்கள். முடிவுகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி, படத்தைப் பிரதி செய்து, கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கையளியுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் திகதியையும் வாங்குங்கள். விளங்காத வரைபடத்தில் கையொப்பமிட வேண்டாம். "ஒரு கிழமை தாருங்கள், கூடிப் பேசிச் சொல்கிறோம்" என்பது மரியாதைக் குறைவல்ல.

எமக்குள்ளேயும் பார்ப்போம்

அதிகாரிகள் எம்மைக் கேட்பதில்லை என்று குறைப்படுகிறோம். நாம் ஒருவரையொருவர் கேட்கிறோமா? கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர் யார்? வேலியோரம் நிற்பவர் யார்? கணவனை இழந்த தாய், காணி உறுதியில்லாத கூலித் தொழிலாளி, சாதியின் பெயரால் ஊரின் எல்லையில் ஒதுக்கப்பட்ட குடும்பம், போரில் காலை இழந்த இளைஞன் ஆகியோரின் குரல் எமது படத்தில் இருக்கிறதா? பழைய ஊரின் பிரிவினைக் கோடுகளைப் புதிய ஊரின் நிலத்திலும் கீறினால், அது மீள்குடியேற்றம் ஆகாது. பழைய பாவத்தையே புதிய காணியில் குடியேற்றினோம் என்றே சொல்லவேண்டும்.

1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி என்று கற்பித்தார். அக்கற்பிதம் அரசுக்கு மட்டுமல்ல, தொண்டு நிறுவனங்களுக்கும் எம்மைப் போன்ற குருக்களுக்கும் உரியது. அடிமட்டத்தோடு மேசையில் அமர்ந்த எமக்கு அதை உணர ஒரு மாரிகாலம் தேவைப்பட்டது.

வேதாகமத்தில் நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். நாடுகடத்தப்பட்டோரின் வழிவந்த அவர் எருசலேமுக்கு வந்ததும் உடனே கட்டளையிடவில்லை. இரவில் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். பிறகே மக்களை அழைத்துப் பேசினார். பலர் தம் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைத் தாமே கட்டினர். தன் பெண்மக்களோடு சேர்ந்து கட்டிய ஒருவரைப் பற்றியும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. ஐம்பத்திரண்டு நாளில் மதில் எழுந்தது.

அந்த முதியவர் இன்று எம்மிடையே இல்லை. பின்னர் அவர் காட்டிய வழியாகவே வெள்ளவாய்க்காலை வெட்டினோம். மூன்றாம் வரிசை வீடுகளை மேட்டுக்கு மாற்றினோம். அதற்கு இரண்டு ஆண்டு உழைப்பும், மக்களின் பணமும் செலவாயின. முதலிலேயே ஒரு பிற்பகல் அவரோடு நடந்திருந்தால் போதும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பைப் பற்றிய முடிவுகளில் நாம் கேட்கப்பட்டவை எவை? கேட்கப்படாதவை எவை? ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம்?

2. எமது ஊரில் நிலத்தையும் நீரையும் நன்கறிந்த மூன்று பேர் யார்? அவர்களிடம் கடைசியாக எப்போது கேட்டோம்?

3. எமது கூட்டங்களில் பேசாதிருப்போர் யார்? அவர்கள் பேசுவதற்கு நாம் என்ன செய்யலாம்?

4. அடுத்த கூட்டத்திற்கு முன், மூன்று குழுக்களாக முற்றத்தில் படம் கீறிப் பாருங்கள். மூன்று படங்களிலும் ஒத்திருப்பது எது? வேறுபடுவது எது?