காற்றில் கேன் வாட்டர்!

கேள்வி: காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் மெஷின் வாங்கினால், சென்னையில் கோடைக்கு லாரித் தண்ணீர் தேவைப்படாதா?

பதில்: குடிக்கக் கிடைக்கும், குளிக்க, துவைக்க லாரிதான். ஏசி குழாயில் சொட்டுகிறதே, அதே சங்கதிதான். குளிர்ந்த சுருளில் காற்று பட்டதும் ஈரம் துளியாகிறது. அதை வடிகட்டித் தருகிறார்கள். (ஏசித் தண்ணீரை அப்படியே குடித்துவிடாதீர்கள்!) 30 டிகிரியில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீர் இருக்கும். அதிலும் பாதி தேறினால் பெரிது. ஒரு சொம்புத் தண்ணீருக்கு மூன்று நான்கு அறைக் காற்றை உறிஞ்ச வேண்டும். கரண்ட், லிட்டருக்குக் கிட்டத்தட்ட அரை யூனிட். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கே சுமார் 4 யூனிட்தான்! கடலோரப் புழுக்கம் இதற்குத் தோது. ஈரமில்லாத வறண்ட ஊரில் வாங்கினால், மெஷின் ஓடும், டம்ளர் நிறையாது.