கையெழுத்து கார்டுக்கு மாற்று கார்டு: கம்ப்யூட்டரில் ஆதாரம் சேர்ப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஸ்கேனர், எக்ஸெல், இமெயில் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழகுகிறோம். இவை எல்லாவற்றையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அப்படி ஒரு வேலையை இங்கு எடுத்துக் கொள்கிறேன்.

நான் வசிக்கும் அமெரிக்காவில், பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. எனக்கும் அதில் பல வருடப் பழக்கம் உண்டு. வீரர் கையெழுத்திட்ட கார்டு ஒன்று நமக்கு வர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுவனம், "அது இல்லை, வேறு தருகிறோம்" என்று சொல்லும். தருகிற மாற்று நியாயமானதா? இல்லையென்றால் எப்படிக் கேட்டுப் பெறுவது? இதற்கு வீட்டு கம்ப்யூட்டர் போதும்.

முதலில் விஷயத்தைப் புரிந்து கொள்வோம். இந்தக் கார்டுகள் மூடிய பாக்கெட்டில் விற்கப்படுகின்றன. உள்ளே யாருடைய கார்டு இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். 1990ல் அப்பர் டெக் நிறுவனம், ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு வரிசை எண் போட்ட 2,500 கார்டுகளைப் பாக்கெட்டுகளில் கலந்து வைத்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. இதில் ஒரு சிக்கல். பாக்கெட் கடைக்குப் போகும் தேதி நெருங்கியும் சில வீரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். அப்போது அந்தக் கார்டுக்குப் பதிலாக 'ரிடம்ப்ஷன்' கார்டு ஒன்றை உள்ளே வைப்பார்கள். நம்மூர் பாஷையில் டோக்கன் என்று வைத்துக் கொள்ளுங்களேன். அதில் சுரண்டினால் ஒரு கோட் கிடைக்கும். அந்தக் கோடை நிறுவனத்தின் இணைய தளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பு சில மாதங்களாக இருக்கலாம். ஒரு வருடத்தைத் தாண்டியும் போகலாம். கடைசி வரை வீரர் கையெழுத்தே போடாமல் இருப்பதும் உண்டு. அப்போதுதான் மாற்று கார்டு வரும். சம மதிப்புள்ள வேறு பொருளைத் தர நிறுவனத்திற்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சம மதிப்பு என்பதை யார் முடிவு செய்வது? சண்டை அங்கேதான் தொடங்குகிறது. உங்களிடம் தேதி போட்ட விலை ஆதாரம் இல்லையென்றால், அவர்கள் சொல்வதுதான் மதிப்பு.

எனவே டோக்கன் கிடைத்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்கு வீரர் பெயரையும் வருடத்தையும் கொடுங்கள். ரிடம்ப்ஷன் கார்டின் இரு பக்கங்களையும் 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து அதில் சேமியுங்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் மொபைல் போனில் படம் எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொள்ளலாம். பின்புறத்தில் உள்ள கடைசித் தேதியும் பொடி எழுத்து விதிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். கோட் தெரியும் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்பட வேண்டாம். அதைப் பார்த்தவர் உங்களுக்கு முன் பதிவு செய்துவிடலாம்.

பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். பிளீர் என்ற பழைய நிறுவனம் 2005ல் மூடப்பட்டது. டாப்ஸ் நிறுவனத்தின் கார்டு தொழிலை 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் வாங்கியது. நிறுவனங்கள் மூடும், கை மாறும், இணைய தளங்களும் மாறும். பதிவு முடிந்ததும் திரையில் தோன்றும் உறுதிச் செய்தியைப் படமாக எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11ல் விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் மவுஸால் இழுத்து எடுக்கலாம். பிறகு பெயிண்ட் புரோகிராமில் பேஸ்ட் செய்து சேமியுங்கள். பதிவுக்குக் கொடுக்கும் இமெயில் முகவரி நீண்ட நாள் இருக்கக் கூடியதாக இருக்கட்டும். அலுவலக முகவரி வேண்டாம்; வேலை மாறினால் கடிதமும் போய்விடும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, விலை சேகரிப்பது. ஈபே தளத்தில் அந்தக் கார்டைத் தேடினால் வருபவை விற்பவர்கள் கேட்கும் விலைகள். அவற்றை நம்பாதீர்கள். கேட்பதற்கு என்ன, ஆயிரம் டாலர் கூடக் கேட்கலாம். தேடல் முடிவுகளின் பில்டர் பகுதியில், விற்று முடிந்தவை என்பதற்கான கட்டத்தில் டிக் செய்திடுங்கள். இப்போது உண்மையில் கை மாறிய விலைகள் தெரியும். ஆனால் சுமார் 90 நாட்களுக்கு உட்பட்ட விற்பனைகள்தான் அங்கே தெரியும். அதற்கு முந்தையவை மறைந்துவிடும். ஒரு வருடம் கழித்துத் தேடினால் பதிவு செய்த நாளின் விலை கிடைக்காது. ஆகவே இதையும் உடனே படம் எடுத்து வைக்க வேண்டும்.

கையெழுத்தே போடாத கார்டுக்கு விலை ஏது என்று கேட்கலாம். பதிவு செய்யாத ரிடம்ப்ஷன் கார்டுகளையே பலர் விற்கிறார்கள். அந்த விலைதான் நமக்கு வேண்டியது.

எனக்கு ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இளம் பந்துவீச்சாளரின் டோக்கன். மொத்தம் 99 கார்டுகள் மட்டுமே வரும் வரிசை எண் கொண்டது. கார்டின் மீதே நேரடியாகக் கையெழுத்து. பதிவு செய்த வாரத்தில் ஐந்து விற்பனைகளை எக்ஸெல்லில் ஒரே நெடுவரிசையில் குறித்துக் கொண்டேன்: 60, 64, 65, 70, 210 டாலர். இவற்றின் சராசரி 93.80 வருகிறது. ஆனால் கடைசி விற்பனை, இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிவிட்ட ஏலம். சராசரியைக் காட்டினால் நிறுவனம் அந்த ஒன்றைப் பிடித்துக் கொண்டு மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். எனவே நடு மதிப்பை எடுங்கள். காலியான கட்டத்தில் சமக்குறி இட்டு, மீடியன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்து என்டர் தட்டுங்கள். எனக்கு 65 என்று வந்தது. அதைத்தான் என் விலையாக வைத்துக் கொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து நிறுவனம் மூன்று கார்டுகளைத் தருவதாக எழுதியது. எண்ணிக்கையில் மூன்று. ஆனால் மூன்றுமே ஸ்டிக்கரில் கையெழுத்து வாங்கி ஒட்டியவை. வரிசை எண்ணும் கிடையாது. விற்ற விலைகளைப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து 30 டாலரைத் தொடவில்லை.

பதில் கடிதத்தில் கோபத்தைக் காட்டவில்லை. பதிவு எண், பதிவு செய்த தேதி, அன்றைய நடு மதிப்பு, அவர்கள் தரும் கார்டுகளின் நடு மதிப்பு ஆகிய நான்கையும் முதல் நான்கு வரிகளில் எழுதினேன். பிறகு நான் ஏற்றுக் கொள்ளக் கூடிய மூன்று வகைகளைச் சொன்னேன். இது மிகவும் உதவும். அவர்கள் கையிருப்பில் உள்ளதைத்தான் தர முடியும். எது போதும் என்று நாமே சொல்லிவிட்டால் தேடுபவருக்கு வேலை சுலபம். படங்களையும் எக்ஸெல் பைலையும் அட்டாச் செய்து அனுப்பினேன். மூன்று வாரத்தில், கார்டின் மீதே கையெழுத்திட்ட, 50 மட்டுமே அச்சிடப்பட்ட வேறொரு பந்துவீச்சாளரின் கார்டு வந்தது. சுமார் 60 டாலருக்கு விற்கக் கூடியது. ஐந்து டாலருக்காக நான் மீண்டும் எழுதவில்லை.

வீரரின் விலை இடையில் ஏறியிருந்தால் என்ன செய்வது? இன்றைய விலையைக் கேட்பதுதான் நியாயம் என்பேன். தாமதம் நம்முடையது அல்லவே. இறங்கியிருந்தால் பதிவு நாளின் விலையைக் கேட்கலாம். ஆனால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு தேதி விலைகளும் உங்கள் போல்டரில் இருக்கட்டும்.

பதிலே வராவிட்டால், அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலோ பெட்டர் பிசினஸ் பீரோவிலோ ஆன்லைனில் புகார் தரலாம். பின்னது அரசு அமைப்பு அல்ல. ஆனாலும் புகாரை நிறுவனத்திற்கு அனுப்பிப் பதில் கேட்கும். அங்கேயும் இதே பைல்களைத்தான் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள்.

மாற்று கார்டு தபாலில் வந்தவுடன், பிரிப்பதற்கு முன் உறையோடு ஒரு படம், பிரித்தபின் நான்கு மூலைகளும் தெரிய ஒரு படம் எடுத்து அதே போல்டரில் போடுங்கள். மூலை மடங்கியோ கையெழுத்து மை இழுபட்டோ இருந்தால், அன்றே எழுதுங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லக் கூடும்.