திறப்பில் நிற்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் தேசங்களுக்காக மன்றாடும் பகுதியை இனி நீ நடத்த வேண்டும் என்று பாஸ்டர் சொன்ன அன்றைக்கு, "எப்படி ஆன்ட்டி ஆரம்பிக்கிறது?" என்று படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டாய். நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பகுதியை நடத்தியிருக்கிறேன். நான் தப்பாகச் செய்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1993 ஜனவரி. மும்பை ஆண்டாப் ஹில் மத்திய அரசுக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வெளியே கலவரம், கர்ஃபியூ. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி ஜெபித்தோம். எங்கள் பில்டிங்கைச் சுற்றி இரத்தக்கோட்டை கட்டும் ஆண்டவரே என்றோம். பிள்ளைகளுக்குச் சேதம் வரக்கூடாது, டியூட்டிக்குப் போன ஆண்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றோம். நாலாம் நாள் ஜெபம் முடிந்ததும், சாயர்புரத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டியம்மா சுவரைப் பிடித்து எழுந்தபடியே கேட்டார்: "அந்த பாவ்காரர் நாலு நாளா வரலியே, அவருக்காக யாராவது ஜெபிச்சீங்களா?"

யாரும் ஜெபிக்கவில்லை. பாவ் ரொட்டியோடு சைக்கிளில் ஹாரனை அழுத்திக்கொண்டு காலை ஆறரைக்கு வருவார். ஆறு வருஷம் அவர் கையால் வாங்கித் தின்றிருக்கிறோம். முஸ்லிம் என்று தெரியும், பெயர் தெரியாது. மறுபடி முழங்காலிட்டபோது "அந்த பாவ்காரர்" என்றுதான் ஆண்டவரிடம் சொல்ல முடிந்தது. அவர் திரும்பி வரவே இல்லை. மார்ச் கடைசியில் அந்த சைக்கிள் வழிக்கு வேறொருவர் வந்தார். முதல் வேலையாக அவர் பெயரைக் கேட்டேன்.

அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் 900 பேர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் கணக்குக் கொடுத்தது. 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மீதிப்பேர் பிறரும் அடையாளம் தெரியாதவர்களும். அந்த எண்களைப் படித்தபோதெல்லாம் அந்த சைக்கிள் ஹாரன்தான் என் காதில் கேட்டது.

ஆதியாகமம் பதினெட்டாம் அதிகாரத்தை எத்தனையோ தடவை படித்திருப்பாய். இந்த வாரம் இன்னொரு தடவை படி. ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பது பேரில் ஆரம்பித்துப் பத்துப் பேர்வரை இறங்கி வழக்காடுகிறார். அவருடைய சகோதரன் மகன் லோத்து குடும்பத்தோடு அந்த ஊரில்தான் இருக்கிறான். ஆனால் அந்த ஜெபம் முழுவதிலும் லோத்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஊர் முழுவதையுமே கேட்கிறார். நாங்கள் 1993இல் லோத்துக்காக மட்டும் ஜெபித்துவிட்டு எழுந்தவர்கள்.

திறப்பில் நிற்பது என்கிறோம். எசேக்கியேல் சொல்கிற அந்தத் திறப்பு, மதிலில் விழுந்த உடைப்பு. அதில் நிற்பவனுக்குச் சுவரின் மறைவு கிடையாது. மோசே அப்படி நின்றவர். ஜனங்களை மன்னிக்காவிட்டால் என் பெயரையும் கிறுக்கிப்போடும் என்றவர். நம்மில் பலர் யுத்தச் செய்தி வந்ததும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்துக்கு எதிராக மைக்கில் சத்தமிடுகிறோம். மேற்காசியாவில் குண்டு விழுந்தால் கடைசிக்காலக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். தம்பி, அதை மன்றாட்டு என்று என்னால் ஏற்க முடியாது. ஒரு பிள்ளை இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும்போது நம் கையில் காலண்டர் இருக்கக் கூடாது.

பாப்பரசர் பிரான்சிஸ் செய்தது எனக்கு ஒரு பாடம். நாம் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 2023 அக்டோபரில் யுத்தம் தொடங்கியதிலிருந்து காசாவின் திருக்குடும்ப ஆலயத்துக்கு ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் போன் செய்தார். எப்படி இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் அழைத்தார். 2025 ஏப்ரல் 21இல் இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புகூட அந்த போன் போயிருக்கிறது. அத்தனை பெரிய மனுஷர் கேட்ட கேள்வி சோற்றைப் பற்றியது. ஜெபக்குறிப்பை அப்படித்தான் எழுத வேண்டும். "காசாவுக்காக" என்று ஒரே வார்த்தையில் எழுதாதே. தண்ணீர் வருகிறதா, மாவு கிடைக்கிறதா என்று படித்துத் தெரிந்துகொண்டு எழுது. பிணைக் கைதியாகப் போனவர்களுக்காக ஏங்கிய வீடுகளையும் அதே தாளில் எழுது.

மார்ச் முதல் வெள்ளியில் நம் பெண்கள் நடத்தும் உலக ஜெப தினத்தைப் பையன்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை முறையை எழுதித்தருவார்கள். 2024இல் அது பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்களின் முறை. யுத்தம் வெடிப்பதற்கு முன்பே எழுதி முடித்த வரிகளை, வெடித்த பிறகு உலகம் முழுவதும் வாசித்தார்கள். அடிபடுகிறவர்கள் எழுதியதை வாசிக்கும்போது நம் வாய் தானாக அடங்குகிறது. அடுத்த வருஷம் நீயும் வந்து பின்வரிசையில் உட்கார்.

மணிப்பூருக்கு வருகிறேன். குக்கி, மெய்தி மக்களுக்கு இடையே 2023 மே 3இல் பற்றிய தீ. 250 பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள். குக்கி மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் என்பதால் நம் சபைகளில் ஜெபம் ஒரு பக்கமாகவே ஓடியது. இம்பால் பள்ளத்தாக்கில் மெய்தி கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் எரிந்தன. இரண்டு பக்கமும் போக முடியாமல் நின்ற அந்த ஜனங்களைப் பற்றி நான் கேட்ட ஜெபங்களில் ஒரு சொல் இல்லை. எல்லை ஊரான மோரேயும் எரிந்தது. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் போய்க் குடியேறி, அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி வாழ்கிற ஊர் அது. நமக்கு மணிப்பூர் தூரம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல். நீ தினமும் ரயிலேறுகிற ஜிடிபி நகர் ஸ்டேஷனைச் சுற்றியும், 1947 பிரிவினையில் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது இலங்கைக்காக ஜெபிப்பது. அது நம் சொந்தக் காயம். 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த நம் ஜனங்கள்மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். இவற்றைச் சொல்லி அழுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தில் அந்த நீதிமான் "அவர்கள் பாவம்" என்று ஆரம்பிக்கவில்லை. "நாங்கள்" என்று ஆரம்பிக்கிறார். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை மிகக் குறுகிய கெடுவில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தமிழ் பேசும் ஜனங்கள், தமிழர் பெயரால் துரத்தப்பட்டார்கள். இதை ஜெபத்தில் நான் முதன்முதலாக அறிக்கையிட்டபோது இரண்டு குடும்பங்கள் அடுத்த வாரம் வரவில்லை. ஒரு குடும்பம் திரும்பி வந்தது. நீ நடத்தும்போதும் அப்படி நடக்கலாம். நடந்தாலும் விட்டுவிடாதே.

ஜெபித்தால் குண்டு விழாது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. நவாலியில் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்தான் செத்தார்கள். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, விளக்கம் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. சிலவற்றுக்குக் காலம் எடுக்கும் என்பது மட்டும் தெரியும். அன்றைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்தது. பல திங்கள்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஜெபத்தின் பின் ஏறத்தாழ 70,000 பேர் தெருவில் நடந்தார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. ஏழு வருஷம். நம் கூட்டத்தில் மூன்று வாரத்தில் ஜெபக்குறிப்பு பழசாகிவிடுகிறது. டிவி மறந்த பிறகு எந்த ஊர் உன் நோட்டில் நிற்கிறது என்று பார்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் குரல் நல்ல குரல். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு நிமிஷம் நிறுத்திவிடு. எல்லாரும் அமைதியாக இருக்கட்டும். அந்த நிமிஷத்தில் யாராவது இருமுவார்கள், கீழே ரிக்‌ஷா ஹாரன் அடிக்கும். பரவாயில்லை.

வருகிற வெள்ளி ஏழரை மணிக்கு நீயே நடத்து. மணிப்பூரை எடு. குக்கி, மெய்தி என்று இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல். அதற்கு முன்னால், உன் வீட்டுக்கு இப்போது பாவ் கொண்டுவருகிறவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. முதல் ஜெபக்குறிப்பு அதுவாக இருக்கட்டும்.

ஜெபத்துடன்,
மூன்றாவது மாடி ஆன்ட்டி