கைபேசியில் இல்லாதது கூகுளிலும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

உப்புவெளியில் உம்முடைய மாமா நடத்தும் விடுதிக்கு இணையத்தளம் செய்வதாக எழுதியிருந்தீர். சந்தோஷம். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்: "போனில் இடம் காணாது என்று தமிழ்ப் பகுதியையும் புறாமலைத் தீவுக்கான படகு விபரத்தையும் எடுத்துவிட்டோம் சேர். கம்பியூட்டரில் திறந்தால் எல்லாம் இருக்கிறது. கூகுள் அதைப் படிக்கும்தானே?" இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. காசு வாங்கித் தளம் செய்து கொடுக்கிறவர்களும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்காது, தம்பி. கம்பியூட்டர்ப் பக்கத்தை மூலமாகக் கொண்டு தளங்களை மதிப்பிட்ட காலம் போய்விட்டது. கைபேசிப் பக்கத்தையே முதலில் படிக்கப் போவதாக 2016 நவம்பரில் கூகுள் அறிவித்தது. 2018 மார்ச்சில் தளங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கி, 2019 ஜூலையிலிருந்து புதிதாக வரும் தளங்களை எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டது. மாற்றம் முடிந்தது என்று 2023 அக்டோபரில் சொன்னது. இன்று உம்முடைய பக்கத்தைப் படிக்க வரும் கூகுளின் நிரல் ஒரு ஸ்மார்ட்போனாகத்தான் வந்து நிற்கிறது. அதற்கு என்ன கொடுக்கிறீரோ அதுதான் உம்முடைய தளம். போனிலிருந்து எடுத்துவிட்ட தமிழ்ப் பகுதி, கூகுளைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

இடம் காணாது என்பதும் சரியான காரணம் இல்லை. நீளமான விபரத்தைத் தொட்டால் விரிகிற மடிப்புக்குள் வையும். பக்கத்தின் மூலத்தில் இருக்கும் வரை அது படிக்கப்படும். ஆனால் தொட்ட பிறகுதான் சேவரிலிருந்து இறங்கும்படி செய்தால் பிரயோசனமில்லை, ஏனென்றால் கூகுள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஈத்தன் மார்கொட் 2010 மே மாதத்தில் 'எ லிஸ்ட் அபார்ட்' என்ற இணையச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையை நான் இப்போதும் எடுத்துப் படிப்பதுண்டு. போனுக்கு ஒன்று, கம்பியூட்டருக்கு ஒன்று என்று இரண்டு தளம் செய்யாமல், திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் ஒரே பக்கத்தைச் செய்யச் சொன்னவர் அவர். அவருக்குப் பத்து வருடம் முன்னரே, 2000இல், ஜோன் ஓல்சொப் அதே சஞ்சிகையில் அதற்கு வழி போட்டிருந்தார். இரண்டையும் நீர் படிக்க வேண்டும். நிரலை விட அந்த யோசனை முக்கியம்.

இனி எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். நீர் அனுப்பிய முகவரியைக் கம்பியூட்டரில் திறந்து பார்த்தேன். படகு புறப்படும் நேரம், ஆளுக்கு எவ்வளவு, வனசீவராசிகள் திணைக்கள நுழைவுச்சீட்டு வேறாக எடுக்க வேண்டும் என்ற விபரம் எல்லாம் அழகான எழுத்தில், நீலக் கடல் பின்னணியில், ஒரே ஒரு படமாக இருக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். கோப்புக்குள் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

இது புது வியாதி இல்லை. பாமினி எழுத்துருவை உம்முடைய வயதுக்காரர் அச்சகத்தில் மட்டும்தான் கண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஊர்த் தளங்களும் வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்களின் தளங்களும் அதில்தான் எழுதப்பட்டன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று கிடந்தது. எழுத்துருவை இறக்கி வைத்தவருக்கு அது தமிழ். மற்றவருக்கும் தேடுபொறிக்கும் அர்த்தமில்லாத ஆங்கிலம். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி கொடுக்கும் யூனிகோடு 1991இல் வந்தது. அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. அதன் பிறகும் பாமினியை விட எங்களுக்கு மனம் வரவில்லை. அதில் எழுதிய கோயில் வரலாறுகளையும் ஊர்ச் செய்திகளையும் இன்று தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் அகப்படாது. எழுதியவர்கள் உழைக்காமல் இல்லை. உழைப்பு தேட முடியாத இடத்தில் போய் விழுந்துவிட்டது.

அந்த இழப்பைக் கண்ட பிறகும் நாங்கள் அதையே படமாகச் செய்கிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்க இப்போது நிரல்கள் உண்டு என்று நீர் சொல்வீர். உண்டுதான். இருந்தும் முக்கியமான விபரத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்றுதான் கூகுளே அறிவுறுத்துகிறது. கண் தெரியாதவரின் போனில் பக்கத்தை வாசித்துச் சொல்லும் செயலிக்கும் இதே சிக்கல்தான். அந்தப் படத்தையே போனிலும் போட்டுவிட்டால், நிலாவெளிக் கடற்கரையில் நிற்கும் ஒருவர் படும் பாட்டை நினைத்துப் பாரும். வெயில் திரையில் அடிக்கிறது, ஒரு கையில் பிள்ளை, மற்றக் கைப் பெருவிரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் போன் இலக்கத்தைத் தேடுகிறார். கண்டாலும் தொட்டு அழைக்க முடியாது, மனதில் வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். எழுத்தாகப் போட்டு அழைப்பு இணைப்பும் கொடுத்திருந்தால் ஒரு தொடுகையில் மாமாவின் போன் அடித்திருக்கும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்தைத் திறந்ததும் திரையில் வரும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கமராவிலிருந்து வந்த படத்தை அப்படியே ஏற்றாமல், அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் போடும். முதல் படத்துக்குத் தாமத ஏற்றம் வைக்க வேண்டாம். ஆனால் வேகச் சோதனையில் நூற்றுக்கு நூறு எடுக்க ஓடுகிறவர்களோடு சேர வேண்டாம். தேடியவருக்கு வேண்டிய விடை பக்கத்தில் இல்லாவிட்டால் வேகம் கைகொடுக்காது. மூலத்தில் ஒளித்து வைக்கும் குறிச்சொல் பட்டியலையும் விட்டுவிடும். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. அதற்கு இன்றும் காசு வாங்குகிறவர்கள் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வான் பிடித்து வருகிறவர்கள் இரவு எங்கே தங்குவார்கள்? வெளிநாட்டார் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையான சீசனோடு போய்விடுவார்கள். எங்கள் சனம் திருவிழாவுக்கும் பாடசாலை விடுமுறைக்கும் வரும். விடுதிக்காரர் இவர்களை மறந்து ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவது நட்டம் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வையும். எந்தப் பக்கம் எந்த மொழி என்ற குறியை மூலத்தில் கொடும்.

தமிழ்ப் பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையும். திருகோணமலை என்ற பெயர் யூனிகோடில் 10 குறிகள். ஒவ்வொன்றும் முகவரியில் 9 எழுத்தாக விரிவதால், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஊர்ப்பெயர் மட்டுமே 90 எழுத்து நீளத்துக்குப் போய்விடும். எஸ்எம்எஸ்ஸும் கணக்குப் பார்த்து எழுத வேண்டிய ஒன்று. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் செய்தி, ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் 70 ஆகச் சுருங்கும். ஆகவே பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியில் வாழ்த்தை விட்டு, திகதியையும் விலையையும் முதலில் எழுதும்.

முதல் வேலையாக, கூகுள் சேர்ச் கொன்சோலில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்யும். ஸ்மார்ட்போனாக வந்த நிரலுக்குக் கிடைத்த மூலத்தை அது அப்படியே காட்டும். அந்த மூலத்துக்குள் 'புறாமலை' என்று தமிழில் தேடும். அகப்படாவிட்டால் நிறம், சின்னம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒத்திவைத்து, படகு விபரத்தை எழுத்தாக அடிக்க உட்காரும். அடித்து முடிந்ததும் முகவரியை எனக்கு அனுப்பும். என் போனில் திறந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உம்முடைய சேர்
திருகோணமலை