பழைய தீயணைப்பு நிலையத்தை இடம் மாற்றுதல்

தீயணைப்பு நிலையம் ஒன்று பழையதாகிவிட்டது என்றால், அதன் சுவர்கள் விரிசல் கண்டுவிட்டன என்பது மட்டும் பொருளன்று. சிறு வண்டிகளுக்கென அமைத்த வாயிலில் இக்காலத்துத் தண்ணீர் வண்டி நுழைய இயலாமற் போவதும், முன்பு வெறுமையாயிருந்த தெருவில் கடைகள் நெருங்கிவிடுவதும், ஊர் ஒரு திசையில் வளர நிலையம் மறு திசையில் ஒதுங்கி நிற்பதும் முதுமையின் அறிகுறிகளே. புதுக் கட்டடம் எழுப்புவது பொறியாளர் வேலை. அதை எங்கே எழுப்புவது என்பதோ கணக்கும் நிலநூலும் சேர்ந்து விடை தரவேண்டிய வினாவாகும்.

இதனை ஆராய அந்தமானில் உள்ள ஷாதிபூர் நல்லதோர் எடுத்துக்காட்டு. 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் பழைய பேட்டைகளுள் இது ஒன்று. மணம் புரிந்துகொள்ள அனுமதி பெற்ற கைதிகள் குடியேறியதால் இப்பெயர் வந்தது என்பர். நகரம் மேடும் பள்ளமுமாய் அமைந்தது. சாலைகள் மேட்டைச் சுற்றி வளைந்து செல்வன. மரமும் தகரமும் கொண்டு கட்டிய வீடுகள் இங்கு நெடுங்காலமாக உண்டு. பெருநிலத்தில் ஒரு நிலையத்தால் இயலாதபோது அடுத்த ஊரிலிருந்து வண்டி வரும். இங்கோ சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இத்தகைய இடத்தில் பழைய நிலையம் ஒன்றை மாற்ற நேர்ந்தால் எவ்வாறு எண்ணுவது?

முதலில் காலம். தீ தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓர் அறை முழுவதும் ஒருசேரப் பற்றிக்கொள்ளக்கூடும். அதற்கு முன் நீர் போய்ச் சேரவேண்டும். தொலைவை நிமிடமாக மாற்ற அமெரிக்காவில் 1970களில் அளந்து கண்ட ஒரு விதி உண்டு. தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து 1.06 ஆல் பெருக்கி, அத்துடன் 0.65ஐக் கூட்டினால் பயண நிமிடம் கிடைக்கும். அது அகன்ற சமவெளிச் சாலைக்கு உரியது. மேட்டுச் சாலைக்கு அதனை அப்படியே கொள்ளுதல் தவறு. நீர் நிரம்பிய வண்டியைப் பள்ளி விடும் வேளையிலும் கப்பல் வந்திறங்கும் வேளையிலும் ஓட்டி, கடிகாரத்தால் அளந்தே புதிய எண்களைப் பெறவேண்டும்.

மாணவர்க்குக் கற்பிக்க எளிய கணக்கு ஒன்று. நேர்சாலை ஒன்றில் 0, 1, 2, 6 கிலோமீட்டர்களில் நான்கு குடியிருப்புகள் உள்ளன எனவும், அவற்றிலிருந்து ஓராண்டில் முறையே 20, 15, 10, 5 அழைப்புகள் வருகின்றன எனவும் கொள்வோம். நிலையம் 1ஆம் கிலோமீட்டரில் இருந்தால் சராசரித் தொலைவு 1.1 கிலோமீட்டர், ஆனால் கடைசிக் குடியிருப்பு 5 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 6 நிமிடத்தில் கிடக்கும். சாலையின் நடுவே 3ஆம் கிலோமீட்டரில் வைத்தால் எவரும் 3 கிலோமீட்டருக்கு மேல் இரார், சராசரியோ 2.3 ஆகிவிடும். ஐந்து நிமிடமே எல்லை என விதித்தால் 2ஆம் கிலோமீட்டர் பொருந்தும்: சராசரி 1.5, கடைசிக் குடியிருப்புக்கு 4.9 நிமிடம். சராசரி ஒன்றையே நோக்கினால் தொலைவில் உள்ள சிலர் கைவிடப்படுவர் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். நியூயார்க்கில் 1972 முதல் கணக்கின் துணைகொண்டு பல நிலையங்கள் மூடப்பட்டபோது இழந்தவை பெரும்பாலும் ஏழைகளின் பகுதிகளே என்று பின்னர்க் கடுங்குறை எழுந்தது. கணக்கு பொய் சொல்வதில்லை. எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம் என்பதையும் அது சொல்வதில்லை.

அடுத்து நிலம். இதில் அவசரம் கூடாது. 1941 ஜூன் 26 அன்று அந்தமானைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 7.7. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது இந்நகரின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடலோரப் பள்ளங்களில் உவர்நீர் புகுந்து தங்கிற்று. ஆகவே, கரையோரத்தில் சமமாகவும் மலிவாகவும் கிடைக்கும் மனை எவ்வளவு கவர்ச்சியாயினும் விலக்கத்தக்கது. செங்குத்தான மேடும் ஆகாது. பருவமழையில் மண் சரிந்தால் சாலை அடைபடும். இடைப்பட்ட உயரத்தில், இரு வேறு சாலைகளுக்கு வழியுள்ள கெட்டித் தரையே தேவை. இந்தியத் தரக் குறியீடு 1893, தீயணைப்பு நிலையங்களை மற்றக் கட்டடங்களைவிட ஒன்றரை மடங்கு நடுக்க விசைக்கு ஏற்ப வடிவமைக்கச் சொல்கிறது. காரணம் வெளிப்படை. வண்டிக்கூடத்தின் சட்டம் சிறிது கோணினாலும் கதவு இறுகி, வண்டி உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். 1906இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் அடுத்த கட்டடத்தின் புகைபோக்கி நிலையத்தின் மேல் இடிந்து விழுந்து தீயணைப்புத் தலைவர் சல்லிவன் படுகாயமுற்றார். சில நாட்களில் இறந்தார். நீர்க்குழாய்களும் உடைந்தமையால் நகரம் மூன்று நாட்கள் எரிந்தது. ஆதலின் மனையை மட்டுமின்றி அண்டைக் கட்டடத்தையும் பார்த்தல் வேண்டும்.

நீரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். 4,500 லிட்டர் கொள்ளும் வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் இறைத்தால் பத்தே நிமிடத்தில் வறண்டுவிடும். மழை மிகுந்த தீவாயினும் கோடையில் குழாய்நீர் அருகும். நிலையத்தின் கூரைமழையைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி இன்றியமையாதது. கடல்நீரை இறைக்கலாம், பின்னர் பம்பையும் குழாயையும் நன்னீரால் கழுவாவிடில் அவை துருவேறும்.

மாற்றும் நாளிலும் ஒரு கேடு உண்டு. புதிய நிலையத்தில் தொலைபேசி, நீர், ஆட்கள் தங்கும் இல்லம் ஆகிய மூன்றும் ஆயத்தமாகும்வரை பழைய வாயிலைப் பூட்டலாகாது. சில வாரங்கள் இரண்டிலும் ஒவ்வொரு வண்டி நிறுத்தி, ஒவ்வோர் அழைப்புக்கும் சென்று சேர்ந்த நேரத்தைக் குறித்து ஒப்பிட்ட பின்னரே பழைய மனையை வேறு பணிக்கு ஒப்படைக்க வேண்டும்.